வளாக வாசலில் முத்தம்மா

11 மார்ச் 2024, திங்கள்

சிலைக் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். வளாக மேம்பாட்டு அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் பியாட்ரிஸ் என்கிற நான் ஒருத்திதான். அதற்கு மேல் தகுதி எதுவும் பார்க்கவில்லை. இந்தப் பல்கலைக்கழகம் நிற்பது ரப்பர் தோட்டமாக இருந்த நிலம். மரத்தை வெட்டி, ஆட்கள் குடியிருந்த லயத்தை இடித்து, அவர்களை அனுப்பிவிட்டு, இப்போது ரப்பர்ப் பால் வெட்டும் பெண்ணுக்கு வாசலில் சிலை வைக்கப் போகிறோம். கூட்டத்தில் இதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. தின்னக் கொடுத்த கறிபாப் நன்றாக இருந்தது.

2 ஏப்ரல்

சிற்பி தனேஸ்வரன் தைப்பிங்கிலிருந்து வந்தான். முகம் கற்பனையாக இருக்கக்கூடாது, இங்கே வேலை செய்த ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்கிறான். சாலைக்கு எதிர்ப்புறத் தாமான் குடியிருப்பில் பழைய தோட்டத்து ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். வீடு வீடாக ஏறி இறங்கினோம். இங்கே பால் வெட்டிய முத்தம்மாவைப் பார்த்ததும் அவன் தேடுவதை நிறுத்திவிட்டான். "இந்த மொகந்தான்கா."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "உசுரோட இருக்கறவளுக்கு யாராச்சும் சில வைப்பாங்களா?"

"இது மரியாதைம்மா," என்றேன். மகள் குமுதா கதவோரம் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

9 ஏப்ரல்

முத்தம்மா ஒப்புக்கொண்டார். நான்தான் பேசிப் பேசிக் கரைத்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது – இந்த வாசலில் நம் ஆள் ஒருத்தி நிற்பாள்.

13 ஜூன்

களிமண்ணில் முத்தம்மாவின் இளவயது முகம் வந்துவிட்டது. தைப்பிங் மழையில் அவன் பட்டறையில் எதுவுமே காயமாட்டேன் என்கிறது. படத்தைக் குழுவுக்குக் காட்டினேன். கொஞ்சம் சிரிக்க வைக்க முடியுமா என்று கேட்டார்கள். தனேசிடம் சொன்னதற்கு, "விடியறதுக்கு முன்ன கொசுக்கடில நின்னு வெட்டறவ எதுக்குக்கா சிரிக்கணும்?" என்றான். 'ஆலோசனை பரிசீலிக்கப்பட்டது' என்று எழுதி வைத்தேன்.

25 ஜூலை

திறப்பு விழா. 

மாலை. ரோஜா மாலை. ஈப்போ லிட்டில் இந்தியாவில் நானே நின்று கட்டச் சொன்னது. சிலையைத் திறக்க வந்த டத்தோ அதை வாங்கிச் சிலையின் கழுத்தில் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். தாமான் ஆட்கள் மட்டும் தட்டவில்லை. முன்வரிசையில் முத்தம்மா தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டார்.

போட்டோவுக்கு மாலை என்றால் எனக்கும் உறைத்திருக்கும். சிலை என்றதும் என் கண்ணில் இருந்தது மாதா சுரூபம். திருநாளைக்குத் திருநாள் சுரூபத்துக்கு மாலை போட்டுப் பழகிய கை இது. உயிரோடு உட்கார்ந்திருக்கிறவளின் உருவத்துக்கு மாலை போடுவதா? பியாட்ரிஸ், உனக்கு மூளை எங்கே போச்சு?

26 ஜூலை

குமுதா போன் பண்ணினாள். "எங்கம்மாவுக்குக் கருமாதி பண்ணிட்டீங்க. இப்ப நிம்மதியா?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

14 ஆகஸ்ட்

தாமானுக்குப் போனேன். முத்தம்மா வெளியே வரவில்லை. கடைக்குக்கூடப் போவதில்லையாம். "மால விழுந்தவ வாரா பாரு" என்று எவளோ சொல்லியிருக்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குமுதா கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த மூஞ்சிய எடுத்துடுங்க. வேற எதுவும் வேணாம்."

முகத்தை மாற்றித் தருகிறேன் என்று தனேஸ் உடனே சொன்னான். என் இயக்குநர் முடியாது என்றார். திறந்து வைத்த சிலையில் கை வைத்தால் டத்தோவுக்கு அவமரியாதையாம். அந்த அம்மாவுக்கு நடந்தது என்னவாம்?

6 செப்டம்பர், வெள்ளி

சிலையின் காலடியில் செம்பருத்தியும் ஒரு அகல்விளக்கும் இருந்ததாக வாயிலில் காவலுக்கு நிற்கும் ஜாகா சொன்னார். போன வெள்ளியும் இருந்ததாம்.  செத்தவளுக்கு வைப்பதுபோல வைக்க ஆரம்பித்துவிட்டார்களா? அந்த அம்மா காதுக்கு இது எட்டினால்?

10 செப்டம்பர்

இந்த அலுவலகத்துக்கு மனுஷியின் மனசு புரியாது, பயம் புரியும். தோட்டம் போன இடத்திலெல்லாம் அங்கிருந்த கோயிலை இடிப்பதில் தகராறு வந்ததை மேலிடம் மறக்கவில்லை. அதையே பிடித்துக்கொண்டேன். 'பூவும் விளக்கும் வைக்கப்படுகின்றன. முகத்தை மாற்றாவிட்டால் இது வழிபாட்டு இடமாக மாறக்கூடும்' என்று எழுதி அனுப்பினேன். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

18 செப்டம்பர்

காலையில் நான் வருவதற்குள் கிரேன் வந்துவிட்டது. முகத்தை இல்லை, முழுச் சிலையையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

தனேசுக்குச் சொன்னேன்.  "சரிக்கா," என்றான். வாசலில் எஃகில் ஒரு பெரிய இலை வைக்கப் போகிறார்களாம். யாருக்கும் எதிர்ப்பு இல்லை.

போகட்டும், குமுதா கேட்டது நடந்துவிட்டது என்று தேற்றிக்கொள்கிறேன்.

20 செப்டம்பர், வெள்ளி

காலை ஏழு மணிக்கு ஜாகா கூப்பிட்டார். வெறும் பீடத்துக்கு முன்னால் முத்தம்மா நின்றிருந்தார். கையில் செம்பருத்தி.

"நீங்களாம்மா பூ வெச்சது?"

"குமுதா எந்திரிக்கறதுக்கு முன்ன வந்துட்டுப் போவேன். அவளுக்குத் தெரியாது." பீடத்தைத் தடவினார். "மால போட்டன்னிக்கு எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. வெளிய தல காட்ட முடியல. அப்பறம் படுத்துக் கெடந்து யோசிச்சேன். அது நான் இல்லலா. எங்கூடப் பொறந்த காளியக்கா. அச்சு அசலா என் சாடதான். மொதப் புள்ளப் பேறுல லயத்துலயே போயிட்டா. ஒரு போட்டோ கெடையாது, மொகம் எனக்கே மறந்துபோச்சு. இங்க வந்து பாத்தா, நிக்கறா."

 யார் வைத்த பூ என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவே இல்லை.

"எங்க வெச்சிருக்கீங்கம்மா அவள?"

"உள்ளேதாம்மா. கிடங்குல."

"நனையாதில்ல?"

"நனையாதும்மா."

உள்ளே விடமாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தது. கேட்கவில்லை. "நீ வெச்சிரு," என்று பூவை என் கையில் கொடுத்துவிட்டு, சாலையைக் கடந்து போனார்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. குடையோடு போய்ப் பார்த்தேன். கிடங்குக்கு உள்ளே இடமில்லை என்று பின்னால் பழைய பைப்புகளோடு போட்டிருக்கிறார்கள். குப்புறக் கிடக்கிறாள். புரட்ட என் ஒருத்தியால் முடியவில்லை. பூவை முதுகில் வைக்க மனசு வரவில்லை. கொண்டுவந்துவிட்டேன். மேசை மேல் இருக்கிறது.