அம்மா பாகூருக்குப் போன விவரம்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
12-8-61

சிரஞ்சீவி அரிகிருஷ்ணனுக்கு அப்பா ஆசி சொல்லி எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் நாறிக் கிடக்கிறது. ராஞ்சித் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

உன் தொழிற்சாலையில் வேலை சொல்லிக் கொடுக்கிற செக் நாட்டுக்காரர்களின் சினிமாப் படம் இங்கே வந்தால் அம்மாவை அழைத்துப் போங்கள், வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று எழுதியிருந்தாய் அல்லவா, வந்தது, பார்த்தோம். கடற்கரைப் பக்கம் ஒரு சங்கத்துக் கூடத்தில் போட்டார்கள். பக்கத்துக் குடித்தனம் சக்கரபாணியும் அவன் வீட்டுக்காரியும் கூட வந்தார்கள். தரை பளபளப்பைப் பார்த்துவிட்டு அம்மா கோயில் மாதிரி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டாள், அப்போதே எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. படம் என்னவென்றால், நாட்டுப்புறத்துக் கிழவனும் கிழவியும் பட்டணத்து மாடி வீட்டில் குடியேறித் திருதிருவென்று விழிக்கிறார்கள். ஒருவர் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் கிழவி குளிக்கிற தொட்டியில் வைக்கோலைப் போட்டு வாத்தை அடைக்கு வைக்கிறாள், கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. கோட்டுப் போட்ட முசே துரைகளும் சிரிக்கிறார்கள், எனக்குப் பின்னால் ஒருவன் வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரிக்கிறான், சீ.

உனக்குத் தெரியாது, போன மாதம் அம்மாவும் நம் குளிக்கிற அறையில் கூடையில் உமி பரப்பிப் பதினோரு முட்டை வைத்து அடைக்கோழியை உட்கார்த்தினாள். அங்கேதான் இருட்டாம், கோழி கலையாதாம், அதுவரை நான் கிணற்றடியில் குளிக்க வேண்டுமாம். சக்கரபாணிக்கு இது தெரியும். அவன் படத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். நம் வீட்டுக் கதை என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்று நான் அவனைவிடப் பலமாகச் சிரித்தேன். அதோடு விட்டேனா, அவன் பக்கம் குனிந்து, இந்தப் பட்டிக்காட்டு ஜென்மத்தோட முப்பது வருஷமா மாரடிக்கிறேன் என்றும் சொன்னேன். இதெல்லாம் ஒரு வாயா. மண்டி மேஸ்திரி வேலைக்காக மூன்று வருஷத்துக்கு முன் கிராமத்திலிருந்து சேற்றுக் காலோடு வந்தவன்தானே நானும். அம்மா காதில் விழுந்துவிட்டது.

விடிந்ததும் கோழிக் கூடையைத் துணியால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு பாகூர் பஸ் ஏறிவிட்டாள். இப்போது உன் மாமா வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அழைக்கப் போனேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வந்தவரு சிரிச்சு முடிச்சிட்டாரான்னு கேளுங்க அண்ணி" என்று உன் மாமியிடம் சொன்னாள். சாப்பிடாமலே திரும்பிவிட்டேன்.

நீ உலைப் பக்கம் ஜாக்கிரதையாக நில், நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்குத் தனியாகப் பாகூர் விலாசத்துக்குக் கடிதம் போடு, மறக்காதே, ஆனால் படத்தைப் பற்றி மூச்சு விடாதே, எனக்காகச் சிபாரிசும் செய்யாதே. வருகிற ஞாயிறு மறுபடி போகிறேன். சக்கரபாணியையும் கையோடு கூட்டிப் போகிறேன். அவன் எதிரில் சொன்னதற்கு அவன் எதிரிலேயே உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன், அவன் சிரித்தால் சிரிக்கட்டும்.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
கன்னியப்பன்