பிரம்பு வாளுக்கு ஒரு கைக்காப்பு

9-2-1979, வெள்ளி

இன்று ஒத்திகையில் செல்வியின் சுண்டுவிரலில் அடி பட்டுவிட்டது. ஆண்டுவிழா நாடகத்தில் அவள்தான் ராணி. பிரம்பு வாள்கள் செய்தது நான். பிடியின் அடியில் கனத்துக்காக மாட்டிய குற்றாலத்தில் வாங்கிய மரக்குமிழ் நன்றாகவே இருக்கிறது. தங்கக் காகிதம் ஒட்டிய குறுக்குக் கட்டைதான் சரியில்லை. எதிராளியின் பிரம்பு அதன்மேல் வழுக்கி விரலில் விழுகிறது.

செல்வி பள்ளி விட்டதும் பீடி சுற்றுபவள். விரல் வீங்கினால் இலையை மடிக்க முடியாது.

கட்டையைக் கழற்றிவிட்டுப் பாதித் தேங்காய்ச் சிரட்டையைத் துளைத்து மாட்டினேன். கை முழுவதும் மறைந்தது. தங்கக் காகிதம்தான் அந்த வளைவில் ஒட்டாமல் கிழிந்து கிழிந்து வந்தது.

“ஏட்டி, ராணி சண்டைக்குப் போறாளா, சாம்பார் ஊத்தப் போறாளா?” என்றாள் எதிரி ராஜாவாக நடிக்கும் மேரி. எல்லோரும் சிரித்தார்கள்.

செல்வி என்னைத் தனியே இழுத்துப் போனாள். “தங்கக் கலரே இருக்கட்டும்ட்டி. எங்கம்மா முத வரிசையில உக்காந்து பாக்கப் போறா. வலிச்சா நான் பொறுத்துக்கிடுதேன்.”

கட்டையா சிரட்டையா என்று காலையில் சொல்லும்படி டீச்சர் என்னிடமே விட்டுவிட்டார்.

வீட்டில் சாப்பிட்டபின் இரண்டு வகை வாளையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு அக்காவை ஓங்கி அடிக்கச் சொன்னேன். சிரட்டையில் சத்தம் மட்டும் வந்தது. கட்டையில் என் விரல் வீங்கிவிட்டது. “உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?” என்று திட்டிக்கொண்டே அக்கா எண்ணெய் தேய்த்தாள்.

சிரட்டைதான் என்று சொல்லப் போகிறேன். செல்வி என்னோடு பேசமாட்டாள். விழா முடிந்த பிறகும் பேசாமல் இருப்பாளோ என்னவோ. இதற்குமேல் பேனாவைப் பிடிக்க முடியவில்லை.