அரை லிட்டர் ஆயில்

தௌபாத்தே,
ஜூன் முதல் சனிக்கிழமை

அன்பு மகள் ஜுஸ்ஸாராவுக்கு உன் அப்பா ஒலிம்பியோ எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள், கண்ணு. வரி மலையேறும், பிறகு சரிந்து இறங்கும். சில எழுத்து தின்று கொழுத்தது போலவும் சில எழுத்து பட்டினி கிடந்தது போலவும் இருக்கும். ஆனால் எல்லாம் நானே போட்டவை. மாலைப் பள்ளி இவோனே டீச்சர் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் இது என் முதல் கடிதம். உன் பெயரை எழுதி முடித்ததும் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். போட்ட இடத்திலேயே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உன் அம்மா நலம். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இந்த மனுசன் ஒரு வரி எழுதுறதுக்குள்ள என் பீன்ஸே வெந்துரும் போல" என்கிறாள். வேகட்டும். நான் அவசரப்படப் போவதில்லை. இன்று எனக்குக் கோபம் நிறைய இருக்கிறது, எழுதத் தாளும் நிறைய இருக்கிறது.

உனக்குப் பிடிக்காத பேச்சுதான். வண்டிப் பேச்சு. போனில் வண்டி என்று வாயெடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். இதை அப்படி வைத்துவிட முடியாது.

நீ உன் புருஷன் வல்தெசியோடு பேசி ஒரு மாதம் ஆகப் போகிறது. கடைசியாகப் பேசியபோது, நான் திரும்பி வரும்போது நீ அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றாய். உன் குரல் போனுக்கு வெளியே வந்து எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. உன் புருஷன் போனை மேசைமேல் மெதுவாக வைத்தான், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல. இப்போது துணியை எல்லாம் பெட்டியில் அடுக்கிவிட்டான். இந்த மாதம் இருபத்துநாலாம் தேதி வரும் புனித ஜான் திருவிழா முடிந்ததும் பிண்டாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறானாம். நீ சொன்னதைச் செய்கிறான். அவன் எப்போதும் அப்படித்தான், உனக்கே தெரியும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மே மாதம் ஒரு நாள் மதியம், வல்தெசி ஒரு அம்மாளைச் சவாரி ஏற்றிக்கொண்டு ட்ரெமெம்பே பக்கம் போயிருக்கிறான். அந்த அம்மாள் மடியில் பிறந்தநாள் கேக். பாலத்துக்கு ஏறும் இடத்தில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அந்த நொடியே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தான். அந்த அம்மாள், "ஐயா, வெயிலு! என் கேக்கு! கிரீம் எல்லாம் ஒழுகுது!" என்று கத்தியதும், அவன் கேக்கைத் தன் சட்டையால் மூடிக்கொண்டு வேறு வண்டி பிடித்துக் கொடுத்ததும் அவனே சொல்லிச் சிரித்த கதை. அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை. கயிறு கட்டி இழுத்துப் போய் வண்டியைக் கம்பெனி ஷோரூமில் விட்டார்கள். இரண்டு நாள் கழித்து, வண்டி செத்துவிட்டது என்றார்கள். டர்போ போய்விட்டது, அதோடு இன்ஜினும் போய்விட்டது. எண்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, ஜுஸ்ஸாரா! ரொட்டிக்கடை ஓனோஃப்ரெயின் பழைய கோம்பி வேனைப் பார். எந்த ஆயில் மலிவோ அதை ஊற்றுகிறான், சில வாரம் ஊற்றவும் மறக்கிறான். முப்பது வருடமாக அது மாவு மூட்டை சுமக்கிறது.

இந்த வண்டியை வாங்கும்போது என்ன சொல்லி விற்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? சின்ன இன்ஜின், ஆனால் டர்போ இருப்பதால் பெரிய இன்ஜின் பலம். உன் அம்மா அப்போதே கேட்டாள்: "மூணே மூணு சிலிண்டரா? என் அடுப்புலயே நாலு பர்னர் இருக்கேடி." எல்லோரும் சிரித்தோம். உள்ளே ஓடும் பெல்ட்டை மாற்றவே வேண்டாம், வண்டி இருக்கும் காலம் வரை அதுவும் இருக்கும் என்றான் விற்றவன். சொன்ன சொல் தவறவில்லை. இரண்டும் ஒன்றாகவே போயின.

வல்தெசி ஷோரூமுக்குக் கிளம்பியபோது நானும் வருவேன் என்று பிடிவாதமாகப் போனேன். உள்ளே நல்ல குளிர். விரல் நீளக் கோப்பையில் காபி கொடுத்தார்கள். வாசனை பூசிய ஓர் இளைஞன் வந்து எங்கள் எதிரே உட்கார்ந்தான். மிகவும் அன்பாகப் பேசினான். அந்த அன்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"சார், இது டர்போ இன்ஜின். கொஞ்சம் சென்சிட்டிவ்."

"சென்சிட்டிவ்னா என்ன தம்பி? கோவிச்சுக்குமா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு வல்தெசியிடமே பேசினான். எத்தனால்தான் அதிகம் போடுவீர்களா, பக்கத்துச் சவாரிதான் அதிகமா, இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுவீர்களா என்று கேட்டான். எங்கே பார்த்தாலும் கரும்பு விளைகிற நாட்டில் கரும்பு எத்தனால் போடாமல் வேறு எதைப் போடுவது? டாக்ஸிக்காரன் பக்கத்துத் தெருவுக்குப் போகாமல் நிலாவுக்கா போவான்? எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான் உன் புருஷன். பொய் பேச வராத மனிதனை இப்படித்தான் வளைப்பார்கள்.

கடைசியில் அந்தப் பையன் குரலைத் தாழ்த்தி, சொந்தக்காரன் போலக் கேட்டான்: "நமக்குள்ள சொல்லுங்க சார். எப்பவாச்சும், ஒரே ஒரு வாட்டியாச்சும், கம்பெனி சொன்ன ஆயில் தவிர வேற ஆயில் ஊத்தியிருக்கீங்களா?"

வல்தெசி என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "ஒரு வாட்டி. நெடுஞ்சாலை பங்க்ல. அரை லிட்டர்."

"யார் ஊத்தச் சொன்னது?"

"நான்தான்."

அவ்வளவுதான். பையன் கம்ப்யூட்டரில் மளமளவென்று தட்டினான். தவறான ஆயில், கம்பெனி பொறுப்பில்லை. வண்டி உன் பேரில் இருப்பதால் செய்தி நேரே கடல் கடந்து, நீ வேலை பார்க்கும் போர்த்தோவுக்கு, உன் போனுக்கு வந்து சேர்ந்தது. ஓட்டுநர் ஒப்புக்கொண்டார் என்று அதில் இருந்ததாம். எங்கள் காபி ஆறுவதற்குள் நீ கூப்பிட்டுவிட்டாய்.

மகளே, இப்போது எழுதுவதை உட்கார்ந்து படி. நீ அங்கே பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மாவுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் கொடுத்துவிட்டு வந்து படி.

போன வருடம் உன்னை விமானம் ஏற்ற நாம் குவாருலோஸ் போன நாள். ஜகரெய் தாண்டி பங்க்கில் நிறுத்தினோம். நீ ஸ்டியரிங்கில் இருந்தாய். கடைசியாக ஒரு முறை நானே ஓட்டுகிறேன் என்று அழுதுகொண்டே ஓட்டி வந்தாய். நான் பின்சீட்டில் உன் பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன். வல்தெசி உனக்குச் சீஸ் ரொட்டி வாங்க உள்ளே போயிருந்தான். பங்க்காரன் எல்லோருக்கும் செய்வதையே செய்தான். கண்ணாடியைத் துடைத்தான், பானெட்டைத் திறந்தான், சூடு ஆறாத இன்ஜினிலிருந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்து உன் ஜன்னலில் நீட்டினான். "அக்கா, அரை லிட்டர் கொறையுது. ஊத்திரட்டுமா?" நிறுத்தின உடனே பார்த்தால் எந்த வண்டியிலும் குறைவாகத்தான் காட்டுமாம், எனக்கு இப்போதுதான் தெரியும். அவனுக்கு ஆயில் விற்றால் கமிஷன். கண்ணாடி துடைத்துக் கொடுத்தவனிடம் வேண்டாம் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு மனம் வருகிறது? நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஊத்துங்கண்ணே" என்றாய்.

வல்தெசி ரொட்டியோடு வந்தபோது அந்தக் காலி டப்பாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். உன் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு ரொட்டியை உன் கையில் கொடுத்தான். மறுநாளே போய் ஆயில் முழுவதையும் மாற்றிவிட்டு வந்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஷோரூமிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவனைப் பிடித்து உலுக்கினேன். "என்ன மாப்ள, பண்ணாத தப்ப எதுக்குப் பண்ணேன்னு சொன்ன?" என்றேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "விடுங்க மாமா. அவ அங்க தனியா இருக்கா. தன்னாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அதையே நெனச்சு நெனச்சு ஒடஞ்சிருவா. எம்மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போறா, தூக்கமாச்சும் வரும்." பிறகு, உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். வாயைத் திறக்கமாட்டேன் என்று கொடுத்தேன். இதோ, வாயைத் திறக்கவில்லை. நான் எழுதுவேன் என்று அவன் நினைக்கவே இல்லை பார், அது அவன் தப்பு.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ அப்படி நினைத்தால் இந்தப் பாழாய்ப்போன வண்டிக்கு இன்னும் ஒரு வெற்றி. வண்டி இப்போது நம் தெருக்கோடி நிவால்டோவின் பட்டறையில் கிடக்கிறது. அவன் அடிப்பாகத்தைக் கழற்றி உள்ளே இருந்ததை வழித்து என் உள்ளங்கையில் வைத்தான். கறுப்பாக, அடிப்பிடித்த பீன்ஸைச் சுரண்டியது போல இருந்தது. அந்தப் பெல்ட்டை ஆயிலுக்குள்ளேயே ஓடும்படி வைத்திருக்கிறார்கள். அது ஊறி ஊறித் துகளாக உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடுகிறது. மேலே ஆயில் ஏறவில்லை. பம்பரம் போலச் சுற்றுகிற டர்போ முதலில் காய்ந்தது, பிறகு மற்றவை.

"அரை லிட்டராலயா இப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

"சத்தியமாத் தெரியாது பெரியவரே. ஆனா இந்த வருஷம் இது எனக்கு மூணாவது. மொத வண்டி ஒரு பல் டாக்டரோடது. கம்பெனியிலதான் சர்வீஸ், கம்பெனி ஆயில்தான், ஒரு சொட்டு வேற போட்டதில்ல. அதுலயும் இதே குப்பைதான். அவருக்கு மட்டும் வேற காரணம் சொன்னாங்க." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "எனக்குச் சோறு போடுற இன்ஜின் இது, நான் திட்டக் கூடாது."

நான் திட்டுவேன். படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டுநர் உரிமம் கொடுக்காத நாடு இது. அதனாலேயே நான் வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, அதற்காக யாரையும் குறை சொன்னதும் இல்லை. ஆனால் அரை லிட்டர் ஆயிலுக்கு உயிரை விடும் இன்ஜினை விற்க எந்த உரிமமும் வேண்டாமா? அழுகிற ஒரு பெண் பங்க்கில் சரி என்று தலையாட்டினால் செத்துப்போகும் என்றால், அந்த இன்ஜினைச் செய்தவர்கள் இந்த நாட்டில் ஒரு நாளாவது ஒரு பங்க்கில் நின்று பார்த்தார்களா? தங்கள் தப்புக்கு ஒரு ஆள் வேண்டும். ஒரு நல்லவன் கிடைத்தான். அவன் தலையில் கட்டிவிட்டுக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதை நீயும் நம்பினாய் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கம்பெனிக்கு வல்தெசியைத் தெரியாது. உனக்குத் தெரியுமே?

கை வலிக்கிறது. கொஞ்சம்தான் பாக்கி.

இந்தக் கடிதம் உன்னிடம் வர நான்கைந்து வாரம் ஆகும் என்று தபால் அலுவலகத்துப் பெண் சொன்னாள். திருவிழா அதற்கு முன்பே வந்துவிடும். அதனால் அதுவரை அவனை இங்கே நிறுத்திவைக்க ஒரு வேலை செய்திருக்கிறேன். கூரை ஓடு தளர்ந்திருக்கிறது, சரிசெய்து கொடுத்துவிட்டுப் போ என்று வல்தெசியிடம் சொன்னேன். "மழைக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே மாமா" என்றான். வயதானவனுக்குப் பயம் என்றேன். ஏறிவிட்டான். அவன் ஒரு பக்கம் சரிசெய்து இறங்கிக் குளிக்கப் போனதும், நான் மூங்கில் கழியால் மறுபக்கம் இரண்டு ஓடுகளை அசைத்து வைத்துவிடுகிறேன். நேற்று உன் அம்மா பார்த்துவிட்டாள். உள்ளே போய் இன்னும் நீளமான கழி ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை இதே மேசையில் மறுபடி உட்கார்ந்து உனக்கு எழுதுவேன், அதற்குள் எழுத்து இன்னும் கொஞ்சம் நேராகியிருக்கும். இங்கிருந்தபடியே உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன். அப்பரெசீடா மாதா உன்னை அந்தக் குளிர் நாட்டில் காக்கட்டும். இது உன் கையில் கிடைத்ததும் அவனைக் கூப்பிடு, ஜுஸ்ஸாரா. மன்னிப்பு எல்லாம் கேட்க வேண்டாம், வண்டியைப் பற்றியும் பேச வேண்டாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். நான் அசைக்கக் கூரையில் இன்னும் ஓடுகள் கொஞ்சம்தான் இருக்கின்றன.

உன் அப்பா,
ஒலிம்பியோ