மின்சாரம் ஷட்டரில் இருக்கிறது, என்னிடம் இல்லை

அனுப்புநர்
தையற்காரர்,
கைபேசிக் கடைக்கு அடுத்த கடை,
பேருந்து நிறுத்தம் எதிரில்.
(“கரண்ட் டைலர்” என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். தூரத்திலிருந்து காட்டுவார்கள்.)

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
மின்சார அலுவலகம்.

பொருள்: கைபேசிக் கடையின் இரும்பு ஷட்டரில் மின்கசிவு – உயிராபத்து – நேரில் ஆய்வு செய்யவும், என் உடம்பில் மின்சாரம் இல்லை என்பதைத் தெருவறியச் செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் ஒரு விளக்கம். இந்த மனுவை என் கைப்பட எழுதியிருக்கிறேன். இதைப் பிரிக்கும் தங்கள் ஊழியர்கள் தயவுசெய்து அஞ்ச வேண்டாம். சென்ற முறை என் மனுவை வாங்கிய அலுவலக உதவியாளர், அதை மேஜையில் வைக்கச் சொல்லி, அடிக்கோலால் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோடை மழையில் ஒரு நாள், தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வரும் வழியில், பக்கத்து மரத்தில் இடி விழுந்து நான் தூக்கி எறியப்பட்டேன். நினைவில்லாமல் கிடந்த என்னைச் சுற்றிக் கூட்டம் கூடியதாம். “தொடாதீங்க, உங்களையும் இழுத்துரும்” என்று யாரோ சொல்ல, ஒருவரும் கிட்டே வரவில்லை. ஒரு லாரி ஓட்டுநர்தான் “மனுஷன் கெடக்கறாரு, வேடிக்கையா பாக்கறீங்க?” என்று எல்லாரையும் திட்டிக்கொண்டே என்னைத் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மின்னல் மனித உடம்பில் தங்காது, அடிபட்டவரைத் தாராளமாகத் தொடலாம், உடனே தொட்டு முதலுதவி செய்தால்தான் உயிர் பிழைக்கும் என்று மருத்துவர் என் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே என் மனைவியிடம் சொன்னார். அவளும் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் எனக்கென்று தனியாகப் பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் வாங்கி வைத்தாள். இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்போடு நடக்கிறாள். “தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு பயந்தான்” என்கிறாள். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை ஐயா. அந்தச் செருப்புச் சத்தம்தான் தாங்கவில்லை.

என் தொழில் ஆளைத் தொட்டுச் செய்கிற தொழில். தோளில் நாடாவை வைத்து, இடுப்பைச் சுற்றி, “கொஞ்சம் மூச்சை விடுங்க, தொப்பையை மறைக்காதீங்க” என்று கேலி பேசி அளவெடுப்பேன். இப்போது ஆட்கள் வருவதில்லை, அவர்களுடைய அளவுச் சட்டைகள்தான் வருகின்றன. வாசலிலிருந்தபடியே மேஜை மேல் எறிந்துவிட்டு, “இதே அளவுதாண்ணே” என்று போய்விடுகிறார்கள். கடை நிறையச் சட்டைகள் தொங்குகின்றன. பேச்சுத் துணைக்கு ஆளில்லை.

இந்த நிலைக்கு முக்கியக் காரணம் ஒரு டெஸ்டர். எங்கள் கடை வரிசைக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் ஒரு விளையாட்டுக்காரர். நான் ஒரு நாள் கைபேசிக் கடை ஷட்டரில் இடது கையை ஊன்றி நின்றிருந்தபோது, “அண்ணே, இன்னிக்கு உண்மை தெரிஞ்சிரும்” என்று சிரித்தபடி என் வலது முழங்கையில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டரில் விளக்கு எரிந்தது. அவர் அதை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். கைபேசிக் கடைக்காரர் அதைப் படம்பிடித்து, “நடமாடும் டிரான்ஸ்பார்மர்” என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டார். அது போகாத போன் இல்லை.

அந்தப் படத்தில் என் இடது கை ஷட்டரின் மேல் இருப்பது நன்றாகவே தெரிகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். அன்று ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னொரு நாள் ஈரத் தரையில் வெறுங்காலோடு அதே ஷட்டரைத் தொட்டபோது என் கையை உதறித் தள்ளியது. என் மின்சாரம் என்னையே அடிக்குமா ஐயா? ஏணி போட்டுப் பார்த்தேன். பெயர்ப்பலகை விளக்குக்குப் போகும் வயர் ஷட்டருக்கு மேலே நசுங்கி, தோல் உரிந்து, இரும்பில் உரசிக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரீஷியனிடம் சொன்னால், “உங்க ஒடம்புல இருக்கறத என் வயரிங் மேல போடாதீங்க” என்று கோபிக்கிறார்.

சென்ற வாரம் மழையில் ஒதுங்கி நின்ற ஒரு பெண்மணிக்கு அந்த ஷட்டரில் ஷாக் அடித்துவிட்டது. நல்ல வேளை, பிழைத்தார். அதற்கும் “டைலர் தொட்டுட்டுப் போன எடம், அதான்” என்று சொல்லிவிட்டார்கள். காலையில் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அந்த ஷட்டரில்தான் சாய்ந்து நிற்கிறார்கள். காலில் ஷூவும் காய்ந்த தரையும் இருப்பதால் இதுவரை தப்பித்தார்கள். “தள்ளி நில்லுங்க கண்ணுங்களா” என்று நான் கிட்டே போனால், என்னைப் பார்த்துப் பயந்து ஷட்டரோடு இன்னும் ஒட்டிக்கொள்கிறார்கள். நான் என்ன செய்வேன்? கடைக்குள் இருந்துகொண்டு கத்துகிறேன்.

என் முதல் மனுவின் பேரில் லைன்மேன் வந்தார். எதிர்ச் சாரியில் நின்று, “நீங்க மொதல்ல தள்ளிப் போங்கண்ணே, அப்புறம் பாக்கறேன்” என்றார். தள்ளிப் போனேன். அவரும் போய்விட்டார்.

என்னைத் தேடி வந்தவர் ஒரே ஒருவர், கை மரத்துப்போன ஒரு பெரியம்மா. நான் தொட்டால் குணமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மருத்துவரிடம் போகச் சொன்னேன். “அவரு மாத்திரை எழுதறாரு தம்பி, தொட்டா பாக்கறாரு?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அது மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடனே கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவள் படித்தவள். குழந்தையைத் தூக்கக் கை நீட்டினால், “எனக்கு இதுல நம்பிக்கையே இல்லப்பா. இருந்தாலும் எதுக்கு வம்பு?” என்கிறாள். மருத்துவர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். இந்த “இருந்தாலும்” என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. பேத்தியை வாசற்படியிலிருந்து பார்த்தே, கண் அளவில் ஒரு கவுன் தைத்துக் கொடுத்தேன். கழுத்து தலைக்குள் நுழையவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தைத்தவன் நான்.

ஆகவே ஐயா அவர்கள் பெரிய மழை தொடங்குமுன் நேரில் வந்து, முதலில் அந்த ஷட்டரைச் சோதித்து, வயரை மாற்ற உத்தரவிட வேண்டுகிறேன். பிள்ளைகள் காரியம், தள்ளிப்போட வேண்டாம். ஷட்டரைத் தொடும்போது அவசியம் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அது முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு, தெருவே பார்க்க எனக்குக் கைகொடுக்க வேண்டும். சான்றிதழ் எதுவும் வேண்டாம், அதைப் படிக்க யாரும் கிட்டே வரமாட்டார்கள். அன்று என் மகளையும் குழந்தையோடு வரச் சொல்லியிருப்பேன். கொடுத்த கையை உடனே விட்டுவிடாதீர்கள் ஐயா. விட்டால் “இருந்தாலும்” என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

தங்கள் வரவுக்காகக் கடையைத் திறந்தே வைத்திருக்கும்,

(ஒப்பம்)
தையற்காரர்

நாள்: செப்டம்பர் 9
இடம்: என் கடை