மடங்காத கத்தி

திருத்தணி,
தாரண வருஷம், ஆடி மாதம்.

சிரஞ்சீவி கஜபதிக்கு உன் நைனா எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அம்மாவும், பிரசவத்துக்கு வந்து இன்னும் இங்கேயே இருக்கிற உன் தங்கச்சி அம்முவும், அவள் குழந்தையும் தணிகைமலையான் தயவில் சுகம். அவ்விடம் நீ சுகமா என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். நீ சுகமாக இல்லை என்று ஜமீல் சொல்லிவிட்டான், அதனால் பதிலுக்கு சுகம் என்று பொய் எழுதிப் போடாதே. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. தபாலில் போட்டால், யுத்த காலம் என்று யாரோ ஆபீசர் உடைத்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பாராம். ஜமீல் கையில் வருவதால் அந்தத் தொல்லை இல்லை, திட்ட வேண்டியதையெல்லாம் கூச்சமில்லாமல் திட்டப் போகிறேன். உட்கார்ந்து படி.

லீவில் அரக்கோணம் வந்த மறுநாளே ஜமீல் அகமது இங்கே வந்துவிட்டான். அசாமில் உன் கேம்பில் லாரி ரிப்பேர் பார்க்கிறவன், உன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் என்று உன் அம்மா இலை போட்டுச் சோறு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவன், கஜபதிக்கு ஒரு கத்தி வாங்கிக்கினு போவணும், மடக்குக் கத்தி வேணாமாம், மடங்காத கத்தியா வேணுமாம், நைனாவுக்கு மட்டும் தெரிய வேணாம்னு சொன்னான் என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் மேல் குற்றமில்லை, வயிற்றில் எதுவும் தங்காத பிள்ளை. ரகசியம் சொல்ல உனக்கு ஆளா கிடைக்கவில்லை? நாகலாபுரம் காட்டில் வருஷா வருஷம் கூப்பு குத்தகைக்கு எடுத்து, ஆள் வைத்து மரம் வெட்டுகிற மேஸ்திரி நான். காட்டுக்கு எந்தக் கத்தி ஆகும், எது ஆகாது என்று இந்தப் பக்கத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நீ பெற்ற அப்பனுக்குத் தெரியக் கூடாது என்று அரக்கோணத்தானிடம் சொல்லி அனுப்புகிறாய். ரொம்ப சந்தோஷம்.

இப்போ இன்னாத்துக்குடா அவனுக்குக் கத்தி என்று கேட்டேன். அப்போதுதான் அந்த விஷயம் வெளியே வந்தது. சர்வே பார்ட்டியோடு நிலம் அளக்கிற சங்கிலி பிடித்துக்கொண்டு போனவன் மழையில் பின்தங்கி, வழி தெரியாமல், ராத்திரி முழுக்க ஒண்டியாகக் காட்டில் கிடந்தாயாமே. மழைக்குத் தலைக்கு மேலே கூரை போட்டுக்கொள்ள நாலு மூங்கில் வெட்டலாம் என்று பேனாக்கத்தியை வைத்து அறுத்தாயாம், அது பட்டென்று மடங்கி உன் ஆள்காட்டி விரலிலேயே இறங்கியதாம், விரல் நுனி இப்போது கோணலாகத்தான் இருக்கிறது என்கிறான். பென்சில் சீவுகிற கத்தியால் மூங்கில் வெட்டப் போன புத்திசாலியை நான் இதுவரை பார்த்ததில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நீ மட்டும் எதிரில் இருந்திருந்தால் மிச்சமிருக்கிற விரல்களுக்கு நான் ஜவாப்தாரி இல்லை. உன் அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து மோர்ச்சோறு தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. எழுத வேண்டிய விரலில் காயம் பட்டதால் எழுதவில்லை என்று சாக்குச் சொல்வாய். காயம் படுவதற்கு முன்னால் எத்தனை எழுதிக் கிழித்தாய்?

இதில் எனக்குச் சிரிப்பும் வருகிறது. என்னோடு கூப்புக்கு வா, தொழிலைக் கற்றுக்கொள் என்றேன். காட்டுல வெட்டிகினு சாவறதுக்கு நான் பொறக்கல என்று ஊரே கேட்கக் கத்தினாய். சர்க்கார் வேலை, காக்கிச் சட்டை, ஆபீஸ் என்று ரயில் ஏறினாய். ஆயிரம் மைல் தாண்டிப் போய் இப்போது எங்கே நிற்கிறாய்? காட்டில். நம் காடாவது வெயில் அடிக்கிற காடு. நீ போயிருக்கிற இடத்தில் அட்டை காலைக் கடித்துக்கொண்டே இருக்குமாம். போகிற அன்றைக்கு, நான் உனக்கென்று செய்து கொடுத்த வெட்டுக்கத்தியைக் கொண்டுவந்து, உன் காடும் வேணாம் உன் கத்தியும் வேணாம் என்று என் கையில் திணித்துவிட்டுப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கத்தியை யாராவது கைக்குக் கை குடுப்பாங்களா, கீழ வெச்சாத்தான் எதிராளி எடுக்கணும், இவன் கையில குடுத்தான், நீ கையில வாங்கின, அதான் அப்பனும் புள்ளையும் பகையாளியா நிக்கறீங்க என்று தினமும் ஒரு பாட்டம் சொல்கிறாள். பகை வந்ததால்தான் அவன் கையில் திணித்தான், திணித்ததால் பகை வரவில்லை, முன்னது எது பின்னது எது என்று யோசித்துப் பேசு என்று நானும் தினமும் சொல்கிறேன். கேட்கிறாளா? அந்தக் கத்தியைத்தான் உனக்கு அனுப்புவேன் என்று கனவு காணாதே. அது கூரையில் சொருகினபடியே இருக்கிறது. வேண்டாம் என்றவனுக்கு அது கிடையாது.

நீ சொன்னபடியே ஜமீல் மெட்ராஸ் போய் மூர் மார்க்கெட்டில் ஒரு கத்தி வாங்கி வந்தான். பளபளவென்று நிக்கல் பூச்சு, மான்கொம்பு மாதிரி ஒரு பிடி, பிடியின் அடியில் சின்னதாகத் திசைகாட்டி. சோல்ஜருங்க எல்லாம் இதான் வாங்கறாங்க நைனா, ஒண்ணு வாங்கினா ரெண்டு வேலைக்கு ஆவும் என்றான். வீட்டுப் பின்னால் இருந்த காய்ந்த மூங்கிலில் கத்தியின் வாயை வைத்து, அதன் முதுகில் ஒரு கட்டையால் தட்டினேன். பலமாகக்கூட இல்லை. பிடி என் கையில் நின்றது, கத்தி மூங்கிலில் நின்றது. பிடிக்குள்ளே சுண்டுவிரல் நீளத்துக்குத்தான் இரும்பு, மீதி அரக்கு. அய்யய்யோ, கடக்காரன்கிட்ட திருப்பிக்கூட தர முடியாதே, இப்படிப் பண்ணிட்டீங்களே நைனா என்று ஜமீல் தலையில் அடித்துக்கொண்டான். இங்கே உடைந்தது உன் பணம், அங்கே உடைந்திருந்தால் என் பிள்ளை என்று அவனிடம் கத்திவிட்டேன், அப்புறம் பாவமாக இருந்தது. அந்தத் திசைகாட்டியை அம்முவின் குழந்தை உருட்டிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் வைத்தாலும் அது அடுப்பைத்தான் காட்டுகிறது. அதை நம்பி நீ நடந்திருந்தால் ஜப்பான்காரன் சமையற்கட்டில் போய் நின்றிருப்பாய்.

அதற்குமேல் சும்மா இருக்க முடியாமல் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் ஏறி ஆர்.கே.பேட்டை சந்தைக்குப் போனேன். யுத்தம் வந்ததிலிருந்து நல்ல இரும்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டது, பீப்பாய்ப் பட்டையைத் தட்டிக் கத்தி என்று விற்கிறான். கல்லில் வைத்து அழுத்தினேன், வளைந்தது, வளைந்தபடியே இருந்தது. இன்னொருத்தன் இரண்டு பக்கமும் கூர் வைத்த பிச்சுவாவை நீட்டி, பட்டாளத்துப் பிள்ளைக்கு இதுதான் கம்பீரம் என்றான். என் பிள்ளை ஆளைக் குத்தப் போகவில்லை, மூங்கில் வெட்டப் போகிறான், முதுகிலும் கூர் இருந்தால் எங்கேய்யா தட்டுவான் என்று கேட்டதற்கு, வாங்க வக்கில்லாதவன் பேச்சு என்றான். அவனோடு வாய்ச்சண்டை போட்டதில் பஸ்ஸை விட்டேன். கடைசியில் பள்ளிப்பட்டு ஆறுமுகத்தின் பட்டறைக்குப் போய், லாரி வில்லுப் பட்டையில் ஒன்று அடிக்கச் சொன்னேன். அவன் முழ நீளத்துக்கு அடிக்கிறேன் என்கிறான், வாய் ஒரு சாண் போதும், இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிமிர வேண்டியவன் என்று நான் சொல்கிறேன். பித்தளைப் பூண் போடட்டுமா என்கிறான், வேண்டாம், அந்தக் காசுக்குப் பிடியின் கடைசி வரைக்கும் இரும்பை ஓடவிடு என்கிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்து தொந்தரவு கொடுத்ததில், இனிமே இந்தப் பட்டறைப் பக்கம் வராதீங்க மேஸ்திரி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

இப்போது வருகிற கத்தி அதுதான். பார்க்க லட்சணமாக இருக்காது, கன்னங்கரேலென்று இருக்கும், சிநேகிதர்களிடம் காட்டிப் பெருமையடிக்க ஆகாது. வேல மரப் பிடியை இரண்டு பக்கமும் வைத்துக் குறுக்கே ஆணி அடித்திருக்கிறது. நம் வீட்டு மூங்கில், புளியங்கட்டை, செத்துப்போன வேலமரத்து வேர் எல்லாவற்றையும் அதால் பிளந்து பார்த்துவிட்டேன், ஆடவில்லை. மரத்தில் எறிந்து வித்தை காட்டாதே. தகர டப்பாவைக் குத்தித் திறக்காதே. ஈரக் கத்தியை உறையில் சொருகி வைத்துவிட்டுத் துரு பிடித்தது என்று என் மேல் குறை சொல்லாதே, துடைத்து எண்ணெய் தடவு. ஆற்றுக் கல்லிலேயே தீட்டலாம். வெட்டும்போது உன் பக்கம் இழுத்து வெட்டாதே, கோணல் விரல் ஒன்று போதும். இதையெல்லாம் கூப்பில் ஒரு மாசம் இருந்திருந்தால் கற்றுக்கொண்டிருப்பாய், இப்படிக் கடிதத்தில் திட்டு வாங்கிக்கொண்டு கற்க வேண்டிய தலையெழுத்து இருந்திருக்காது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் போன வருஷத்துக்குக் குறைவில்லை. உனக்காக மலை ஏறி மொட்டை போட்டுக்கொண்டேன், அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் ஜமீலிடம் சொல்லிவிட்டாள், அவன் வயிறு உனக்குத் தெரியும், அதனால் நானே எழுதிவிட்டேன். இன்று காலை ஜமீல் புறப்பட வந்தான். குடுங்க நைனா என்று கையை நீட்டினான். நானும் உறையோடு கத்தியை எடுத்து நீட்டினேன். உன் அம்மா வாசற்காலைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, நீட்டின கையை மடக்கிக்கொண்டு கத்தியைத் தரையில் வைத்தேன். அவன் குனிந்து எடுத்துக்கொண்டு, நான் இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்காகத் திண்ணையில் காத்திருக்கிறான். உன்னிடமும் அப்படித்தான் கொடுக்க வேண்டும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் கையில் கொடுக்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அசாமில் யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, குனிந்து எடு.

தணிகைமலையான் உன்னை நூறு வயசுக்கு வைத்திருக்கட்டும், என் ஆயுசில் மிச்சமிருப்பதையும் சேர்த்து. நீ என் மேல் வைத்திருக்கிற கோபத்தை வைத்துக்கொள், என் கோபமும் இங்கே பத்திரமாக இருக்கிறது, அதற்கு ஒன்றும் அவசரமில்லை. ஒன்று மட்டும் மறக்காதே. வேலை முடிந்து ஊருக்கு வருகிறபோது அந்தக் கத்தியைக் கையோடு கொண்டு வா. அன்றைக்கு மாதிரி என் கையில் திணிக்காதே. வாசலிலேயே நின்று, எனக்கு முன்னால் கீழே வை. நான் குனிந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா,
எல்லப்பன்,
கூப்பு மேஸ்திரி.