தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளையும் கம்பெனி கார்டும்

முனியாண்டி துணை

சிலிபின், ஈப்போ.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கலாதேவிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுத்து எழுந்து இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முனியாண்டியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். முதலில் நம் பிள்ளைகள் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் மகன் தனேஷ் பொலிடெக்னிக்கில் இந்தத் தவணையும் கெட்டிக்காரர்கள் பட்டியலில் வந்திருக்கிறான், உன்னிடம் போனில் சொல்லியிருப்பான், ஆனாலும் நான் சொல்லும்போது இன்னொரு தடவை கேட்டுக்கொள். ஆயர் தாவாரில் உன் சின்னத் தம்பி மகன் கோகிலன் சிலம்பத்தில் பேராக் மாநிலத்துக்கே இரண்டாவதாக வந்துவிட்டான், முதலாவதாக வந்த பையன் இவனைவிட இரண்டு வயது மூத்தவனாம், அதனால் நான் இவனையும் முதல் என்றுதான் வைத்திருக்கிறேன். அவன் தங்கச்சி கோயில் விழாவில் மைக்கைப் பிடித்தாள், திருப்பி வாங்குவதற்குள் தலைவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நம் பாப்பா படிவம் இரண்டில் வகுப்பிலேயே முதல், பேச்சுப் போட்டியில் கிந்தா மாவட்டத்திலேயே முதல், பள்ளியில் மாணவத் தலைவி வேறு, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நடக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு ரப்பர்ப் பால் வாளியைத் தூக்கினவள் நான், எனக்கு இத்தனை பேரப்பிள்ளைகள் இப்படி வந்திருக்கிறார்கள் என்று பின்வரிசை வீட்டுக் காளியம்மாவிடம் சொன்னேன். போதும்லா அஞ்சல, மார்க்கெட்ல மீன்காரன்கிட்டகூட சொல்லிட்ட, அவன் ஒனக்கு மீன் வெல கூட்டிட்டான் பாரு என்றாள். தோட்டத்தில் பக்கத்து வீட்டில் இருந்த காலத்திலிருந்தே அவள் வாய் அப்படித்தான்.

பாப்பா விஷயமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு மாதத்துக்கு முன்னால் அவள் பள்ளிச் சீருடை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தையல்தான் கோணல் என்று மருமகள் ஷர்மினி விளிம்பைப் பிரித்துத் தைத்தாள், மறுபடியும் தூக்கிக்கொண்டே நின்றது, மறுபடியும் பிரித்துத் தைத்தாள். மூன்றாவது தடவை பாப்பாவைக் குனிய வைத்து முதுகைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தையல் நேராகத்தான் இருந்தது. ஷர்மினி ஊசியைத் தலையணையில் குத்தி வைத்துவிட்டு வெளியே போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தாள், காயாததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். அதிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறோம். எலும்பு டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், சின்ன வயது, பாப்பாவின் முதுகுத் தண்டை மேலிருந்து கீழ் வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார், அவசரமே படவில்லை, வெளியே அத்தனை கூட்டம் இருந்தும். கம்பி வைத்து நிமிர்த்துகிற அறுவை செய்யத்தான் வேண்டும் என்றும், பிள்ளை வளர வளர வளைவும் கூடும், முற்றிவிட்டால் நெஞ்சுக்கூட்டை நெருக்கும் என்றும் சொன்னார். தேதி அடுத்த வருடக் கடைசிக்குத்தான் இருக்கிறது. இதைவிட முன்னால் கிடைக்காதா என்று உன் தம்பி ஜெயபாலன் கேட்டான். அந்த டாக்டர் என்னைப் பார்த்து, மக்சிக் என்று அத்தை முறையில் கூப்பிட்டு, இன்சூரன்ஸ் கார்டு ஏதும் இருந்தா தனியார்ல சீக்கிரம் செஞ்சிடுங்க, இங்க இவளுக்கு முன்னால நிக்கிற பிள்ளைங்க நெறைய என்று மலாயில் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் நன்றாக இல்லை.

நீ பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரி அது, உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் மூன்று பேரையும் நான் பெற்றதும் அங்கேதான், என் பிரஷர் மாத்திரையும் அங்கேதான். ஒரு வெள்ளிக் கட்டணம் கட்டி நம்பர் எடுத்தோம், பிள்ளையின் ஐசி அடையாள அட்டையைக் கேட்டார்கள், அவ்வளவுதான். இது யார் பெற்ற பிள்ளை, யார் வளர்த்த பிள்ளை என்று முகப்பில் உட்கார்ந்திருந்த பெண் கேட்கவில்லை. காலையில் போனால் மத்தியானம் ஆகும், நாற்காலி கிடைக்காது, மேலே டிவியில் சத்தம் வராது, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது. இப்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை, ரொட்டியைக் கொடுத்தால் தின்கிறேன், எழுந்திரு என்றால் எழுந்திருக்கிறேன்.

ஜெயபாலன் வேலை செய்கிற கையுறைக் கம்பெனியில் அவனுக்குக் கார்டு இருக்கிறது, பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் சேர்த்து. தனியார் ஆஸ்பத்திரியில் அதை நீட்டினால் கம்பெனி பார்த்துக்கொள்ளும், இதற்கு முன்னால் வந்த நோயா என்றும் கேட்க மாட்டார்களாம். இத்தனை வருடத்தில் அதைக்கொண்டு ஒரு பல்கூடப் பிடுங்கியதில்லை அவன். பாப்பாவைச் சேர்க்கலாம் என்று கம்பெனி ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறான். அங்கிருந்த சீனப் பெண் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, அம்மா பேரு வேற, அப்பா பேரு வேற, நீங்க யாரு என்று கேட்டிருக்கிறாள். இவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். எனக்குப் பிள்ளை இல்லை, அக்கா புருஷன் லாரி விபத்தில் போனபோது அக்கா வயிற்றில் இருந்த பிள்ளை இது, முப்பதாம் நாள் முறத்தில் தவிடு வைத்துக் கொடுத்து வாங்கிக்கொண்டோம், அதுதான் எங்கள் வழக்கம் என்று. அந்தப் பெண், டெடாக்கா, ஆயாம் திங்கிறதா என்று கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறாள், கோழிக்குப் போடுகிற தவிட்டைத்தான் அவர்களுக்குத் தெரியும், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பிறகு அவளே வருத்தப்பட்டு, கோர்ட்டில் தத்து எடுத்த கடிதம் கொண்டு வாங்க, அடுத்த மாசமே சேர்த்துடுறேன் என்றாளாம். இவன் வீட்டுக்கு வந்து அதை அவள் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பிட்டான்.

எனக்கு இது புதிது இல்லை கலா. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால் செக்ரோலில் பேர் இருக்கிறதா என்றுதான் கேட்பார். அன்றைக்கு வேலைக்குப் பேர் பதிந்தவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும்தான் மருந்து. உன் அப்பா காலில் அடிபட்டு வேலையிலிருந்து நின்றபோது, இனி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போ மேன், இங்க ஒம் பேரு இல்ல என்று அதே டிரசர்தான் சொன்னார், நல்ல மனிதர்தான் அவரும். அப்போது செக்ரோல், இப்போது கார்டு. டவுன் ஆஸ்பத்திரி அப்போதும் பேர் கேட்காமல் எடுத்துக்கொண்டது, காத்திருக்கத்தான் வைத்தது. அப்பாவின் கால் காத்திருந்தது, அவர் நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். பாப்பாவின் முதுகைக் காத்திருக்க வைக்க எனக்கு முடியவில்லை.

அன்றைக்குப் போனில் நீயும் தம்பியும் பேசியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு அட்டைக்காக எம் புள்ளைய எழுதிக் குடுக்கச் சொல்றியாடா என்று நீ கேட்டாய். தவிட்டுக்கு அன்னைக்கே குடுத்திட்டியேக்கா, இப்ப என்னா புதுசா என்று அவன் சொன்னான். சொன்ன மறு நிமிடம் அவன் முகம் செத்துவிட்டது, நீ அதைப் பார்க்கவில்லை, போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை. ஷர்மினி என்னிடம், அண்ணிகிட்ட நான் கேக்க மாட்டேன் அத்தே, நீங்களும் கேக்காதீங்க, அவுங்களா குடுத்தாத்தான் என்றாள். அவள் பதின்மூன்று வருடமாக எதையும் கேட்டு வாங்கினவள் இல்லை. பாப்பாவுக்கும் எல்லாம் தெரியும். முன்பு ஒரு கல்யாண வீட்டில் காளியம்மா, தனேஷ் ஒனக்கு மொற மாப்பிள்ளலா, பாத்து வச்சுக்க என்று கேலி செய்தபோது, அத்தை மகன் என்று இந்தப் பிள்ளை வெட்கப்பட்டுச் சிரித்ததைப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரியே உட்கார வைத்துச் சொன்னேன், அவன் உன் கூடப்பிறந்த அண்ணன், உன்னைப் பெற்றவள் அத்தை என்று. காளியம்மா தன் வாயை நொந்துகொண்டு அதற்குப் பிறகு ஒரு வாரம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பாப்பா அழவில்லை, அப்ப எனக்கு ரெண்டு அம்மாவா பாட்டி, பெர்த்டேக்கு ரெண்டு கிப்டா என்றாள். போன வாரம் இந்தச் சண்டையைக் கேட்டுவிட்டு வேறு மாதிரி பேசினாள். எல்லாரும் நான் யாரு புள்ளன்னு பேசுறீங்க, முதுகு என்னோடதுலா பாட்டி என்றாள். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கின வாய் அல்லவா அது.

நீ சொன்னதும் எனக்கு விளங்காமல் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவை என்றால் பெற்றவள்தான் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு நீ லீவு எடுத்துப் பறந்து வருவாய், கட்டில் பக்கத்தில் அம்மா என்று நிற்பாய். அடுத்த வருடம் வரை காத்திருக்கலாம், அங்கே டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், கம்பிக்கு ஆகிற செலவை நான் அனுப்புகிறேன் என்றெல்லாம் நீ சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அதற்குள்ளே அம்மா என்று நிற்கிற ஆசையும் இருந்தது, நான் உன்னைப் பெற்றவள், எனக்குத் தெரியாதா. நீ அந்தக் கட்டில் பக்கத்தில் ஒரு தடவை நிற்பதற்காக அவள் ஒன்றரை வருடம் வளைய வேண்டாம் அம்மா. கையெழுத்துப் போட்டுவிடு. வக்கீலிடம் கேட்டுவிட்டோம், நீ அங்கே நம் தூதரகத்தில் போய்ச் சம்மதம் எழுதினால் போதும், மற்றதை இங்கே கோர்ட்டில் பார்த்துக்கொள்வார்கள். இனிமேல் அறுவைக்குக் கையெழுத்து ஷர்மினி போடுவாள். புதுப் பிறப்புப் பத்திரம் வரும், அதில் அம்மா என்கிற இடத்தில் அவள் பெயர் இருக்கும், உன் பெயர் இருக்காது. இதை மறைத்து உன்னிடம் கையெழுத்து வாங்க மாட்டேன். எனக்குத்தான் ஒரு மாற்றமும் இல்லை, மகள் பிள்ளையானாலும் மகன் பிள்ளையானாலும் நான் பாட்டிதான், அதனால் எனக்குச் சொல்லச் சுலபமாக இருக்கிறது என்று நீ நினைக்கலாம், நினைத்துக்கொள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், போன மாதம் ஒரு லைனை மூடிவிட்டார்கள். கோர்ட் முடிவதற்குள் அவன் வேலை போனால் கார்டும் அன்றைக்கே போகும், நீ எழுதிக் கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கும், பிள்ளை பழைய வரிசையில்தான் நிற்கும். அதனால் பெரியாஸ்பத்திரித் தேதியை நாங்கள் விடவில்லை, விடவும் மாட்டோம். இத்தனையும் தெரிந்துதான் போடு என்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. இரவு வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே, காலுறை இரண்டு போட்டுக்கொள், அங்கே தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டால் வெயில் வரும் என்று காத்திருக்காதே, சுடுதண்ணீரில் வைத்து எடுத்துத் தேய். தம்பிக்கு நீயே கூப்பிடு, அவன் கூப்பிட மாட்டான், வெட்கப்படுகிறான், ஆனால் போன் அடித்தால் முதலில் ஓடுகிறவன் அவன்தான். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடக்க வேண்டும், தாலி இழந்த பிறகும் நிமிர்ந்து நின்றவள் நீ, முனியாண்டி உன்னைக் குனிய விடமாட்டான். தூதரகத்துக்குப் போகும்போது பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போ, மறக்காதே, கேட்பார்களாம்.

கடைசியாக ஒன்று. உன்னைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. போனில் வேண்டாம், கடையில் கழுவித் தபாலில் போடு. தொப்பி போட்டு, பனியில், தோழிகளோடு நிற்பது வேண்டாம், நீ மட்டும், முகம் தெரிய. நரைத்திருந்தால் நரைத்தபடி இருக்கட்டும், மை பூசாதே. பின்பக்கம் உன் கையால் உன் பெயரை எழுது. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் பாப்பாவைக் கொஞ்ச நாள் திரும்பாமல் படுக்க வைக்கச் சொல்வார்களாம், எந்தப் பக்கம் பார்க்க வைக்க வேண்டும் என்று இன்னும் சொல்லவில்லை. தெரிந்ததும் அந்தப் பக்கத்துச் சுவரில் ஆணி அடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
அஞ்சலை