மேல்பல் இல்லாத கன்று

முதலாளியம்மாவுக்கு,

நீ விட்டுப்போன மாடுகளையும் மகளையும் மேய்த்துக்கொண்டிருக்கும் உன் தையல்காரன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை ஒளிக்காமல் எழுது.

நீ வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா என்று போனில் கேட்டாய். மகள் பக்கத்தில் நின்றாள். "உன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உன் சிவப்பி கன்று போட்ட சேதி.

கிடேரி. நல்ல உடம்பு, பிறந்ததும் எழுந்து நின்றது. ஆனால் காம்பைப் பிடித்தால் வாய் நழுவியது, சீம்பால் கடைவாயில் ஒழுகியது. இந்த வீட்டுப் பெண்களுக்கே உள்ள வீம்பு என்று நினைத்தேன். மகள்தான் வாயைத் திறந்து பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். மேலே ஒரு பல்கூட இல்லை!

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டுப் பதறினேன். பாவம், அந்த அம்மா சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடி வந்தார். வந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "எந்த மாட்டுக்குங்க மேல முன்பல்லு இருக்கு? இத்தனை வருஷமா பால் குடிக்கிறீங்க, மாட்டு மூஞ்சியப் பாத்ததே இல்லையா?" என்றார். மானம் கப்பலேறியது. எனக்கென்ன தெரியும், மாடு உன் இலாகா.

சிரித்துக்கொண்டே கன்றின் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். சிரிப்பு நின்றுவிட்டது. கீழ்த்தாடை ஒரு விரலளவு குட்டை. கீழ்ப்பல் மேல் ஈறில் வந்து பொருந்த வேண்டுமாம், இதற்கு உள்ளே தள்ளி நிற்கிறது. கால்சட்டையின் இரண்டு காலும் ஒரே நீளமா என்று நாளெல்லாம் பார்க்கிறவன், இதைப் பார்க்காமல் பல்லை எண்ணியிருக்கிறேன். விரல் விட்டு அண்ணத்தைத் தடவி, பிளவு இல்லை, பிழைக்க வைக்கலாம் என்றார். "நல்லவேளை கூப்பிட்டீங்க. சீம்பால் இப்பவே உள்ள போகணும்" என்றார்.

இப்போது புட்டியில்தான் பால். தலையை அதிகம் தூக்கினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்பதால், தாயின் மடி உயரத்துக்கே பிடிக்கிறேன், தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு. முதல்முறை அது சப்பி இழுத்தபோது அழுதுவிட்டேன். வளர வளரத் தாடை கொஞ்சம் நீளலாம், நீளாமலும் போகலாம். புல்லைக் கடித்து மேய வராது, நறுக்கித் தொட்டியில் போட வேண்டும். இந்தக் குறை வழிவழியாக வரலாமாம், அதனால் இதைச் சினைக்கு விடக்கூடாது, சிவப்பிக்கும் அதே காளையின் சினை ஊசி வேண்டாம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கன்றை விற்றுத் தள்ளிவிடச் சொன்னார். உன் மாட்டின் கன்று, நான் எப்படித் தள்ளுவேன்?

நேற்றுப் புட்டியைப் பிடித்திருந்தபோது மகள் கேட்டாள், "என்னையும் அம்மா இப்படித்தான் புடிச்சுக்கிட்டாங்களா?" என்று. ஆமாம் என்றேன். "எனக்கு ஞாபகமே வரலப்பா" என்றாள். அதன்பிறகு எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

"உன் இஷ்டம்" என்றேனே, என் இஷ்டத்தை இப்போது எழுதுகிறேன். வந்துவிடு. நீ இல்லாமல் முடியவில்லை.

கிளம்பும்வரை அந்தக் குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள். நீ புறப்படும்போது அது உன் புடவையைப் பிடித்துக்கொண்டு அழும். பாவம்தான். தூக்கி ஒரு முத்தம் கொடுத்து, அதன் அம்மா கையில் கொடுத்துவிட்டு வா.

வழி பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்